மணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு மெழுகுவர்த்திக்கு எண்ணெயும் திரியும் தேர்ந்தெடுப்பது

வாசனை மெழுகுவர்த்தி செய்யத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் எங்கே போனாலும் கிடைக்கும். மணம் போதவில்லையா, வாசனை எண்ணெயைக் கூட்டு. சுடர் சிறிதாக இருக்கிறதா, தடித்த திரி போடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எண்ணெயைக் கூட்டிய பிறகு மெழுகுவர்த்தி முன்பைவிடக் குறைவாக மணப்பதும், தடித்த திரி போட்டதும் கண்ணாடிக் குவளையின் விளிம்பு கரிப்பிடித்துப்போவதும் சர்வசாதாரணமாக நடக்கிறது. அதன் பிறகு எண்ணெய் விற்றவரையோ மெழுகையோ குறை சொல்கிறார்கள்.

எண்ணெயையும் திரியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே சிக்கல். உண்மையில் இரண்டும் சேர்ந்து ஒரே முடிவு. ஒன்றை மாற்றினால் மற்றதையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். ஏன் என்பது மெழுகுவர்த்தி எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டால் தானாக விளங்கிவிடும். அங்கிருந்தே தொடங்குவோம்.

## எரிவது எது?

எண்ணெய் விளக்கை எல்லாரும் பார்த்திருக்கிறோம். திரி கீழிருந்து எண்ணெயை உறிஞ்சி நுனிக்குக் கொண்டுவருகிறது. எண்ணெய் இருக்கும்வரை திரி அவ்வளவாகக் கருகுவதில்லை. எண்ணெய் வற்றினால்தான் திரியே எரியத் தொடங்கும். மெழுகுவர்த்தியும் இதே விளக்குதான். ஒரே வேறுபாடு, அதன் எரிபொருள் கட்டியாக இருக்கிறது. தனக்கு வேண்டிய எண்ணெயை அது தானே உருக்கிக்கொள்ள வேண்டும்.

சுடரின் வெப்பம் சுற்றியுள்ள மெழுகை உருக்குகிறது. திரியின் இழைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளிகள் வழியாக அந்த உருகிய மெழுகு மேலே ஏறுகிறது. குறுகிய இடைவெளியில் திரவம் தானாக மேலேறும் இந்தத் தன்மைக்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். நுனிக்கு வந்த மெழுகு சூட்டில் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் வெள்ளையாக ஒரு புகை எழும். எரியும் தீக்குச்சி ஒன்றைத் திரிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, அந்தப் புகையில் காட்டுங்கள். தீ புகை வழியாகவே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை முழுக்க எரியாமல் போன மெழுகு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, மெழுகுவர்த்தி என்ற ஒரே பொருளை வைத்து இளையோருக்கு நிகழ்த்திய புகழ்பெற்ற உரைகளில் இந்தச் சோதனையும் உண்டு. 1848-இலும் பிறகு 1860-61-இலும் அவர் அந்த உரைகளை நிகழ்த்தினார்.

ஒரு கணக்கும் மனத்தில் இருக்கட்டும். மணிக்கு 7 கிராம் மெழுகு எரிந்தால் ஏறத்தாழ 80 வாட் வெப்பம் வெளிப்படும். சின்னச் சுடர்தானே என்று தோன்றினாலும், ஒரு கண்ணாடிக் குவளைக்குள் அது பெரிய சூடு. எவ்வளவு மெழுகு மேலே ஏற வேண்டும், எவ்வளவு சூடு உண்டாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திரியின் கனமும் பின்னலும்தான்.

## மணம் சுடரிலிருந்து வருவதில்லை

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. எண்ணெய் சுடரில் எரிந்து மணத்தைப் பரப்புகிறது என்று நினைக்கிறார்கள். வாசனை எண்ணெயும் கரிமச் சேர்மங்களால் ஆனதுதான். சுடருக்குள் போனால் மெழுகைப் போலவே எரிந்து பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடும். திரி வழியாக ஏறிய வாசனை, வாசனையாகத் திரும்ப வருவதில்லை.

நம் மூக்குக்கு வரும் மணம், திரியைச் சுற்றித் தேங்கி நிற்கும் உருகிய மெழுகின் மேற்பரப்பிலிருந்து எழுவது. மெல்ட் பூல் என்று தொழிலில் சொல்வார்கள். இனி குளம் என்றே சொல்கிறேன். சூடான குளத்தின் பரப்பிலிருந்து வாசனை மூலக்கூறுகள் எரியாமலே ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. ஆக, குளம் எவ்வளவு அகலம், எவ்வளவு சூடு என்பவைதான் மணத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. அந்தக் குளத்தை உண்டாக்குவது திரி.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றாமல் வைத்திருக்கும்போது வரும் மணம் கோல்ட் த்ரோ. எரியும்போது வருவது ஹாட் த்ரோ. புட்டியை முகர்ந்து பார்த்து வாங்கும்போது இவை இரண்டில் எதையும் நாம் சோதிப்பதில்லை. புட்டியில் மூக்கைத் துளைக்கும் எண்ணெய் மெழுகில் கலந்ததும் அடங்கிப்போகலாம். புட்டியில் மந்தமாக இருந்தது குளம் சூடானதும் அறையை நிறைக்கலாம். புட்டியின் மணத்தை மட்டும் நம்பிப் பெரிய அளவில் வாங்காமல் இருப்பதே நல்லது.

இதுவரை பார்த்தது: மெழுகின் ஆவி எரிகிறது, திரி அதற்கு எரிபொருள் ஏற்றுகிறது, மணம் குளத்தின் பரப்பிலிருந்து வருகிறது. இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் இவற்றின் விளைவுகளே.

## எண்ணெயைக் கூட்டினால் மணம் ஏன் குறைகிறது

மெழுகின் எடையில் எத்தனை விழுக்காடு வாசனை எண்ணெய் சேர்க்கிறோம் என்பதை ஃப்ரேக்ரன்ஸ் லோட் என்பார்கள். வீட்டு மெழுகுவர்த்திகளில் இது பொதுவாக 6 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். 200 கிராம் மெழுகுக்கு 8 விழுக்காடு என்றால் 16 கிராம் எண்ணெய். தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணெயின் அடர்த்தியும் வேறு என்பதால் கரண்டிக் கணக்கும் மில்லிலிட்டர் கணக்கும் ஏமாற்றும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிலர் இந்த விழுக்காட்டை மெழுகின் எடையில் கணக்கிடுகிறார்கள், சிலர் மொத்த எடையில். குவளைக்குள் மொத்தம் 200 கிராம்தான் கொள்ளும், மெழுகின் எடையில் 8 விழுக்காடு எண்ணெய் வேண்டும் என்றால் 200-ஐ 1.08-ஆல் வகுங்கள். 185 கிராம் மெழுகு, 15 கிராம் எண்ணெய் என்று வரும். எந்த முறை என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே முறையில் கணக்கிட்டால் போதும்.

ஒவ்வொரு மெழுகுக்கும் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணெயின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் ஊற்றியது மெழுகோடு சேராது. மேற்பரப்பில் வியர்வைத் துளிபோல முத்து முத்தாகப் பூக்கும், அல்லது குவளையின் அடியில் தேங்கும். இது அழகுக் குறைபாடு மட்டுமில்லை. மெழுகில் கலக்காமல் தனித்து நிற்கும் எண்ணெய் சுடருக்கு அருகில் வந்தால் திடீரென்று பெரிதாகப் பற்றிக்கொள்ளலாம்.

எல்லைக்குள்ளேயே கூட்டினாலும் திரிக்கு வேலை கடினமாகிறது. வாசனை எண்ணெய்களில் உள்ள கனமான சேர்மங்கள் மெழுகளவு சுத்தமாக எரிவதில்லை. அவை திரியின் இழைகளுக்குள் தங்கி, கரியாகி, வழியை அடைக்கத் தொடங்குகின்றன. அடைபட்ட திரி குறைவாக உறிஞ்சும், சுடர் சிறுக்கும், சூடு குறையும், குளம் சுருங்கும். மணம் எழும் பரப்பு குறைந்துபோகும். எண்ணெய் கூடியும் மணம் குறைவது இப்படித்தான்.

ஆகவே மணம் போதவில்லை என்றால் முதலில் குளத்தைப் பாருங்கள். அது குவளையின் ஓரத்தை நெருங்கவே இல்லை என்றால் குறை திரியில் இருக்கிறது. குளம் அகலமாக, சூடாக இருந்தும் மணம் இல்லை என்றால்தான் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும்.

## எந்த எண்ணெய்?

மெழுகுவர்த்திக்கு என்று தயாரித்த ஃப்ரேக்ரன்ஸ் ஆயில் வாங்குங்கள். உடலில் பூசும் வாசனைத் திரவியங்களில் ஆல்கஹால் இருக்கும். சூடான மெழுகில் அதை ஊற்றுவது ஆபத்து. நீர் கலந்தவை மெழுகோடு சேரவே சேராது. குச்சி செருகி வைக்கும் டிஃப்யூசர் திரவங்களில் வேறு கரைப்பான்கள் கலந்திருக்கும். அவையும் இதற்கு உதவாது.

செடிகொடிகளிலிருந்து எடுக்கும் எசென்ஷியல் ஆயில்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது" என்று சொல்லப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இயற்கை எண்ணெயும் சேர்மங்களின் கலவைதான். அவற்றில் பலவும் அளவு மீறினால் சருமத்துக்கும் மூச்சுக்கும் ஒவ்வாதவை. நடைமுறைச் சிக்கலும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் மணத்துக்குப் பெரும்பங்கு காரணமான லிமோனின் மிக லேசான மூலக்கூறு. சூடான மெழுகில் கலக்கும்போதே அதில் ஒரு பகுதி பறந்துவிடும், மீதியும் விரைவில் மங்கிவிடும். ஃப்ரேக்ரன்ஸ் ஆயில் செய்பவர்கள் லேசானவற்றோடு கனமான மூலக்கூறுகளையும் கலந்து மணம் நீடிக்குமாறு அமைக்கிறார்கள். முதல் மெழுகுவர்த்திக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

வாங்கும்போது இஃப்ரா சான்று கேளுங்கள். இஃப்ரா என்பது 1973-இல் தொடங்கிய பன்னாட்டு நறுமண அமைப்பு. எந்த வகைப் பொருளில் ஒரு வாசனைக் கலவையை அதிகபட்சம் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அதன் தரநிலைகள் சொல்கின்றன. மெழுகுவர்த்திகள் அதில் 12-ஆம் பிரிவில் வருகின்றன. சான்றில் அந்தப் பிரிவுக்கு நேராக 100 விழுக்காடு என்று இருந்தால் மிரளவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். மனிதர் உடலுக்கு நேரும் பாதிப்பை வைத்து வகுத்த வரம்பு அது. மெழுகு எவ்வளவு தாங்கும் என்பதை மெழுகு தயாரிப்பாளர்தான் சொல்வார். இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

வெனிலா மணமுள்ள எண்ணெய் சேர்த்த வெள்ளை மெழுகு சில நாளில் பழுப்பேறும். அதிலுள்ள வெனிலின் செய்யும் வேலை அது. எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. இத்தகைய கலவைகள் கனமானவை என்பதால் திரியைச் சற்றுக் கூடுதலாகவே அடைக்கும்.

## ஃப்ளாஷ் பாயிண்ட் என்னும் பூச்சாண்டி

ஒரு திரவத்தின் மேலெழும் ஆவி, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையே ஃப்ளாஷ் பாயிண்ட். எண்ணெய்ப் புட்டியில் அல்லது அதன் விவரத் தாளில் இது குறிக்கப்பட்டிருக்கும். "மெழுகின் சூடு இதைத் தாண்டியிருக்கும்போது எண்ணெய் ஊற்றினால் மணம் எல்லாம் எரிந்துபோகும்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த எண்ணுக்கு அப்படிப் பொருளில்லை. தீப்பொறி இல்லாமல் எதுவும் எரியப்போவதில்லை. மணம் ஆவியாவதும் ஒரு குறிப்பிட்ட எண்ணில் திடீரென்று தொடங்கும் காரியம் அல்ல. குறைந்த சூட்டில் மெல்லவும், கூடிய சூட்டில் வேகமாகவும் எப்போதும் நடந்துகொண்டேயிருப்பது. ஃப்ளாஷ் பாயிண்ட் முக்கியமாகச் சேமிப்புக்கும் போக்குவரத்துக்கும் உரிய பாதுகாப்பு எண். திறந்த தீக்கு அருகில் எண்ணெயைக் கலக்காதீர்கள் என்பதே அது நமக்குச் சொல்லும் செய்தி.

இந்தப் பயத்தில் மெழுகை மிகவும் ஆறவிட்டு எண்ணெய் ஊற்றுவதால் நேரும் கெடுதல்தான் அதிகம். எண்ணெய் சீராகக் கலக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். சோயா எண்ணெயிலிருந்து செய்யும் சோயா மெழுகுக்குப் பொதுவாக 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் எண்ணெயைச் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுவார்கள். உங்கள் மெழுகுக்கு என்ன சூடு என்பதை அதன் தயாரிப்பாளர் தரும் குறிப்பில் பாருங்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தப்பித்தவறி மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் சட்டென்று ஆவியாகி எரியும் மெழுகை நாலாபுறமும் தெறிக்கவைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடிவிடுங்கள்.

## திரியின் முறை கடைசியில்

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குவளை, அடுத்து மெழுகு, பிறகு எண்ணெயும் அதன் அளவும், கடைசியில் திரி. முதல் மூன்றும் முடிவான பிறகுதான் திரிக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பது தெரியும். பெரும்பாலோர் திரியை முதலில் வாங்கிவிட்டு மற்றதை அதற்கு ஏற்றபடி இழுக்கப் பார்க்கிறார்கள்.

பஞ்சுத் திரிகள் பின்னப்பட்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முற்காலத்தில் முறுக்கிய திரிகளே இருந்தன. அவை எரியாமல் நீண்டு நிற்கும். அடிக்கடி கத்தரித்துவிட வேண்டும். 1825-இல் பிரான்சில் கம்பசேரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னலின் இழுவிசையால் திரி எரிய எரிய ஒருபக்கமாக வளைகிறது. வளைந்த நுனி, காற்று நன்றாகக் கிடைக்கும் சுடரின் வெளி ஓரத்துக்குப் போய் அங்கேயே சாம்பலாகிவிடுகிறது. எரியும் மெழுகுவர்த்தியை உற்றுப் பாருங்கள். கொக்கிபோல வளைந்த திரியின் முனை மட்டும் செந்தழலாக மின்னும். திரி தன்னைத்தானே கத்தரித்துக்கொள்ளும் இடம் அது.

தட்டையாகப் பின்னியவை, சதுரமாகப் பின்னியவை, காகித இழை சேர்த்தவை, நடுவில் மெல்லிய துத்தநாகக் கம்பி வைத்தவை என்று பல வகை உண்டு. உள்ளே இருக்கும் காகிதமோ கம்பியோ, குளம் உருகும்போது திரி சாய்ந்துவிடாமல் நிமிர்த்திப் பிடிப்பதற்காக. ஈயக் கம்பி வைத்தவையும் ஒருகாலத்தில் இருந்தன. எரியும்போது ஈயம் காற்றில் கலப்பதால் அமெரிக்கா 2003-இல் அவற்றைத் தடை செய்தது. மரத் திரி என்பது மெல்லிய மரத் தகடு. அகலமான சுடரும் சடசடவென்ற ஓசையும் அதற்கு அழகு. ஆனால் பற்றவைப்பதிலும் நீளம் சரிபார்ப்பதிலும் அது அடம்பிடிக்கும் என்பதால் தொடக்கத்தில் வேண்டாம்.

சி.டி., ஈகோ, எல்.எக்ஸ். என்று திரிகள் வரிசைப் பெயர்களில் விற்கப்படும். ஒவ்வொரு வரிசையிலும் எண் கூடக் கூடத் திரி தடிக்கும். ஆனால் ஒரு வரிசையின் 10-ம் இன்னொரு வரிசையின் 10-ம் ஒன்றல்ல. எந்த விட்டத்துக்கு எந்த எண் என்று விற்பவர்கள் அட்டவணை தருவார்கள். உங்கள் எண்ணெய் எது என்பது அந்த அட்டவணைக்குத் தெரியாது. எனவே அது சொல்லும் எண், அதற்கு ஓர் எண் கீழே, ஓர் எண் மேலே என மூன்றும் வாங்கி, ஒரே கலவையை மூன்று குவளைகளில் ஊற்றிப் பாருங்கள்.

பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகைவிட சோயா மெழுகுக்கும் தேன்மெழுகுக்கும் பொதுவாகச் சற்றுத் தடித்த திரி தேவைப்படும். குவளை மிக அகலமாக இருந்தால் ஒரே தடித்த திரியைவிட இரண்டு மெல்லிய திரிகள் நல்லது. நிறம் சேர்ப்பதானால் மெழுகுவர்த்திக்கான சாயமே சேர்க்க வேண்டும். கிரேயான் துண்டுகளை உருக்கிப் போட்டால் அதன் நிறமித் துகள்கள் கரையாமல் திரியை அடைத்துவிடும்.

## சுடரைப் படிப்பது

ஊற்றியதும் ஏற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சோயா மெழுகு ஊற்றிய பிறகும் பல நாள் மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு வாரம் மூடி வைத்தால் மணம் நன்றாகப் பிடிக்கும். பாரஃபினுக்குச் சில நாட்கள் போதும். இப்படி ஆறவைப்பதுதான் கியூரிங்.

திரியை 5 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, காற்று அடிக்காத இடத்தில் ஏற்றி, நான்கு மணி நேரம் எரியவிடுங்கள். முடிவில் குளம் குவளையின் ஓரத்தை எட்டியோ நெருங்கியோ இருக்க வேண்டும், ஆழம் 6 முதல் 12 மில்லிமீட்டருக்குள்.

திரி மெலிதாக இருந்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து, ஓரத்தில் மெழுகு சுவர்போல நிற்கும். டன்னலிங் என்பது இதுவே. தடித்திருந்தால் சுடர் உயர்ந்து துடிக்கும், புகை கக்கும், குவளை கை வைக்க முடியாமல் சுடும். திரியின் நுனியில் காளான் குடைபோலக் கரி திரள்வதற்கு மஷ்ரூமிங் என்று பெயர். எரிவதைவிடக் கூடுதலாக எரிபொருள் நுனிக்கு வருகிறது என்பதன் அடையாளம் அது. கனமான எண்ணெய் கூடினாலும் இதே குடை பூக்கும். ஆகவே திரியை மாற்றியும் குடை போகவில்லை என்றால் எண்ணெயின் அளவை ஒரு விழுக்காடு குறைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும்.

பலரும் கோட்டைவிடும் ஓர் இடம் இருக்கிறது. முதல் முறை ஏற்றும்போதே இரண்டு மணி நேரத்தில் குளம் ஓரத்தைத் தொட்டுவிட்டால் சந்தோஷப்பட்டு, அந்தத் திரியையே முடிவு செய்துவிடுகிறார்கள். மெழுகு இறங்க இறங்கச் சுடர் குவளைக்குள் ஆழத்தில் எரியும். சுற்றுச் சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றும் குறைவாகவே கிடைக்கும். மேலே சரியாகத் தெரிந்த திரி கீழே மிகத் தடித்ததாகிவிடும். முதல் முறை ஓரத்தில் மெல்லிய வளையமாக மெழுகை விட்டுவைக்கும் திரிதான் பல நேரம் சரியானது. குவளை பாதியானதும் அந்த வளையமும் உருகிச் சேர்ந்துவிடும். அதனால் ஆறவிட்டு, திரியை வெட்டி, மறுபடி ஏற்றி, அடிவரை எரித்துப் பார்க்காமல் எந்தத் திரியையும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன்னும் அணைத்த பின்னும் குவளையை நிறுத்து எழுதி வைத்தால் மணிக்கு எத்தனை கிராம் எரிகிறது என்பதும் கையில் இருக்கும்.

அடிப்பகுதிக்கு ஒரு குறிப்பு. திரியின் அடியில் இருக்கும் உலோகத் தட்டுக்குக் கழுத்துபோன்ற ஒரு சிறு குழாய் உண்டு. உருகிய மெழுகு அந்தக் கழுத்துக்குக் கீழே இறங்கியதும் திரிக்கு எரிபொருள் கிடைக்காமல் சுடர் தானாக அணையும். கண்ணாடியின் அடிப்பகுதி தீயின் நேர்ச் சூட்டில் விரிசல் விடாமல் இது காக்கிறது. கழுத்தில்லாத தட்டுகளும் விற்கிறார்கள். 6 மில்லிமீட்டராவது கழுத்துள்ளதைத் தேடி வாங்குங்கள், அப்படியும் அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மீதமிருக்கும்போதே அணைத்துவிடுங்கள். மெழுகுவர்த்தியை வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இதையும் திரி வெட்டும் நீளத்தையும் குவளையின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.